நாய்கள் ஜாக்கிரதை

அத்தியாயம் ஆறு

மணி பதினொன்றே முக்கால். இரண்டரைக்கு விசாரணைக் குழு கூடும், மூன்றுக்கு இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். அதற்குள் ஊசியின் அக்கா திருடி இல்லை என்று யாராவது நிரூபிக்க வேண்டும். அந்த யாராவது மேடம்தான். வேறு ஆள் கிடையாது.

நர்சிங் கல்லூரியின் படிக்கட்டில் மேடத்துக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தான் ஊசி. இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெயிம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் அலுவலகம் திறந்தவர் மேடம். வேலை கேட்டு வந்தவனை அரை மணி நேரம் பேசவிட்டு, "உனக்கு இருக்கிறது வாய் இல்லப்பா, ஊசி" என்றார். அன்று ஒட்டிய பெயர் அதற்குப் பிறகு உரியவேயில்லை.

முதல் மாடியில் நூலகம். அதன் வாசலில் ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார் நூலகர். ஊசியைப் பார்த்ததும் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா தங்கமானவள் என்றும், ஒன்றும் ஆகாது என்றும், தன் மகளும் அந்தப் பரீட்சைக்கு உட்கார வேண்டியவள்தான் என்றும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சீக்கிரம் வாங்க மேடம். இன்னும் ஒரு நிமிஷம் நின்னா நமக்கும் நம்பர் ஒட்டிடுவாரு" என்றான் ஊசி, படி திரும்பியதும். சொல்லிவிட்டானே தவிர, சிரிப்பு வரவில்லை. கிண்டல் மட்டும் விக்கல் மாதிரி அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். இறுதியாண்டுப் பரீட்சை நேற்று நடந்திருக்க வேண்டும். முந்தின நாள் சாயந்திரமே வினாத்தாள் மாணவிகளின் ஃபோன்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. சுற்றிய படத்தின் இடது ஓரத்தில், மேலிருந்து கீழே மெல்லிய சாய்கோடு ஒன்று. தேர்வுப் பிரிவில் இருக்கும் பிரிண்டரின் கண்ணாடியிலும் அதே இடத்தில் ஒரு கீறல். ஸ்கேன், ஜெராக்ஸ், பிரிண்ட் மூன்றையும் செய்யும் மெஷின் அது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு வினாத்தாளை அதில் ஸ்கேன் செய்தவள் அக்கா. அறைச் சாவி அக்காவிடம். கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் அக்காவுக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டு வருடம் தற்காலிகமாக வேலை பார்த்து, போன மாதம்தான் நிரந்தரமானவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊசியை ஆளாக்கியவள் அவள்தான்.

அவள் முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்கிறாளாம்: "எனக்கு ஒண்ணும் தெரியாது." அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. தப்பு செய்யாதவள் இப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா என்று முதல்வர் கேட்டார்.

இரண்டாம் மாடியில், தேர்வுப் பிரிவு அறையில் கல்லூரியின் நெட்வொர்க்காரர் காத்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் விளக்கும்போது விடும் பெருமூச்சு அது.

கல்லூரியின் வைஃபை பாஸ்வேர்ட் இருபத்திரண்டு எழுத்து என்றார். ஆறு மாதத்துக்கு முன்பு தானே மாற்றியது என்றார். வெளியிலிருந்து ஒரு ஈ காக்கா நுழைய முடியாது என்றும், எனவே தாள் போனது உள்ளிருந்துதான் என்றும் முடித்தார்.

"இந்த ரூம்ல எத்தனை வைஃபை சிக்னல் கிடைக்கும்?" என்று கேட்டார் மேடம்.

"கிடைக்கும் மேடம், பத்துப் பன்னண்டு. எல்லாம் அக்கம்பக்கத்துல இருந்து வர்றது."

மேடம் தன் ஃபோனை ஊசியிடம் நீட்டிப் பெயர்களைப் படிக்கச் சொன்னார். அவன் படித்தான். கல்லூரியின் பெயரில் மூன்று. 'மாடிவீடு ஐந்து' என்று ஒன்று. "மத்த நாலு மாடியும் இவங்க வைஃபைல ஓசில படம் பாக்குது போல." 'ஹாஸ்டல் வார்டன்' என்று ஒன்று. "இதுக்கு பாஸ்வேர்டே தேவையில்ல மேடம், பேரைப் பாத்தாலே யாரும் கிட்ட போக மாட்டாங்க." 'என் மனைவி ஃபோன்' என்று ஒன்று. "பாவம், சிக்னல்கூட சொந்தப் பேர்ல இல்ல."

அடுத்த பெயரைப் படித்தான். "டைரக்ட், நாய்கள் ஜாக்கிரதை."

அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள். நெட்வொர்க்காரர் பாஸ்வேர்டை மாற்றியதும் இந்த பிரிண்டர் கல்லூரி வைஃபையிலிருந்து அறுந்து போனது. சரி செய்ய நாலு நாள் ஆகும் என்றுவிட்டார். அக்காவோ இருநூறு ஹால் டிக்கெட்டை அன்றே அச்சடித்தாக வேண்டும். தம்பியைக் கூப்பிட்டாள். வெளியாள் தேர்வுப் பிரிவு அறைக்குள் காலே வைக்கக் கூடாது என்பது விதி. அதை மீறி உள்ளே விட்டாள். அவன் பிரிண்டரின் சொந்த சிக்னலைத் தட்டிவிட்டான். கல்லூரி வைஃபை இல்லாமலே கம்ப்யூட்டரும் பிரிண்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வசதி அது. பாஸ்வேர்டாக ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாகத் தட்டினான். வேலை செய்கிறதா என்று முதலில் தன் ஃபோனைச் சேர்த்துப் பார்த்தான். மெஷினோடு வந்த நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றவேயில்லை. யாரும் கிட்ட வராமலிருக்க இந்தப் பெயரையும் வைத்து, அக்கா சிரித்த சிரிப்பில் மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போனான். நாலு நாளில் பழைய இணைப்பு வந்ததும் அவளே அணைத்திருப்பாள் என்று நினைத்து, அதோடு மறந்தும் போனான்.

இப்போது சொன்னால், வெளியாளை உள்ளே விட்டவள் என்று அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால், அக்காவே போலீஸ் ஜீப்பில் போவாள். ஊசி ஃபோனைப் பிடித்தபடி நின்றான்.

"நாய் யாருடையது?" என்றார் மேடம்.

"பக்கத்து வீடு எதுவாச்சும் இருக்கும்" என்றார் நெட்வொர்க்காரர்.

மேடம் ஜன்னலைத் திறந்தார். ஒரு பக்கம் விளையாட்டு மைதானம், மறு பக்கம் தண்ணீர்த் தொட்டி. மைதானத்துக்கு அப்பால் ஒரு மாடிக் குடியிருப்பு, அதைத் தவிர வீடு என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. ஃபோனை வாங்கிக்கொண்டு அறைக்குள் மெதுவாக நடந்தார். வாசல் பக்கம் போனால் சிக்னல் கோடு இரண்டாகக் குறைந்தது. மேஜைப் பக்கம் வந்தால் மூன்று. பிரிண்டரின் மேல் ஃபோனை வைத்தார். நாலும் நிரம்பியது.

"நாய் இங்கதான் படுத்திருக்கு" என்றார்.

நெட்வொர்க்காரருக்கு முகம் வெளுத்தது. பிரிண்டர் தானாக விடும் சிக்னலுக்கு முன்னால் 'டைரக்ட்' என்ற ஒட்டு இருக்கும் என்று இப்போதுதான் ஒப்புக்கொண்டார். அதில் நுழைந்தவன் கல்லூரி நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம், இருபத்திரண்டு எழுத்தும் வீண். பிரிண்டருக்கென்று சொந்தமாக ஒரு வலைப்பக்கம் உண்டு. நிர்வாகி பாஸ்வேர்ட் தெரிந்தால், ஸ்கேன் செய்து நினைவில் கிடக்கும் எதையும் அதில் போய் எடுத்துக்கொள்ளலாம்.

மேடத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது இரண்டு நொடிகூட நிற்கவில்லை.

"அப்போ இதை ஆன் பண்ணது யாரு?" நெட்வொர்க்காரர் தனக்குத் தானே கேட்டுக்கொண்டு தானே பதிலும் சொன்னார். "சாவி அந்தம்மா கையில. அவங்கதான் பின்கதவைத் தொறந்து வெச்சு யாருக்கோ எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க. நான் போய் கமிட்டியில சொல்லிடறேன்." தன் தலை தப்பிக்கும் வழி கிடைத்த வேகத்தில் ஓடினார்.

கயிற்றை அவிழ்க்க வந்த இடத்தில் அது இன்னொரு சுற்று இறுகிவிட்டது. ஊசி மேடத்திடம்கூடச் சொல்லாமல் பெஞ்சுக்கு ஓடினான். அக்கா எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து, பிரிண்டர் விஷயம் தெரிந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வீட்டுக்குப் போடா" என்றாள். "இதுல நீ இருக்கவே கூடாது. போ."

அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டான். இருக்காதா பின்னே? கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குத் திரும்பினான். மணி பன்னிரண்டே முக்கால்.

மேடம் பிரிண்டரின் சின்னத் திரையை மூக்கு உரச உரசப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மெஷின் தன்னோடு பேசியவர்களை நினைவில் வைத்திருக்குமா என்று கேட்டார். வைத்திருக்கும் என்றான் ஊசி. இரண்டு மூன்று பட்டன் தட்டினான். ஒற்றைத் தாள் வெளியே வந்தது. சேர்ந்த கருவிகள் மூன்று. தாளின் மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி மேடத்திடம் காட்டினான். விரலுக்கு அடியில் முதல் வரி இருந்தது. அதில் அவன் ஃபோனின் பெயர் இருந்தது.

இரண்டாவது வரி அக்காவின் கம்ப்யூட்டர். மூன்றாவதுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். கடைசியாகச் சேர்ந்தது திங்கட்கிழமை, மதியம் ஒன்று இருபது.

"அக்கா அப்போ கேன்டீன்ல" என்றான் ஊசி. "கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கு. இது வேற ஆளு."

"ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நம்பர் போட்டிருக்கே, எதுக்கு?"

"ஒண்ணு ஐபி முகவரி. டாக்டர்கிட்ட போனா டோக்கன் குடுப்பாங்களே, அது மாதிரி. இன்னிக்கு எனக்கு, நாளைக்கு உங்களுக்கு. அதை நம்பி யாரையும் பிடிக்க முடியாது. இன்னொண்ணு மேக் முகவரி. அது மச்சம் மாதிரி. செய்யும்போதே கருவியோட உடம்புல வந்துடும்." சொல்லிக்கொண்டே ஊசிக்குக் குரல் உடைந்தது. "ஆனா புது ஃபோனெல்லாம் மச்சத்தைக்கூட மாத்தி மாத்திக் காட்டும் மேடம். ஃபோனா இருந்தா நாம போச்சு."

"ஃபோனான்னு முதல்ல பாரு."

மேக் முகவரியின் முன்பாதி, அதைத் தயாரித்த கம்பெனியைச் சொல்லும். ஊசி தேடினான். வந்த கம்பெனி ஃபோன் செய்வதில்லை. கம்ப்யூட்டரும் செய்வதில்லை. கடையில் சாமானின் மேல் காட்டினால் 'பீப்' என்று கத்துமே, பார்கோடு வாசிக்கும் கைக்கருவி, அதை மட்டும்தான் செய்கிறது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். நேர் கீழே நூலகம்.

நூலகர் மேடத்தை வரவேற்று நாற்காலி போட்டார். மேடம் அவரிடம் கேள்வியே கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் பொருள் கணக்கு ஒழுங்காக இருப்பது இங்கே மட்டும்தான் என்று கேள்விப்பட்டதாகவும், அதைக் கண்ணால் பார்க்க ஆசை என்றும் சொன்னார். அந்த மனிதரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க ஊசிக்குச் சங்கடமாக இருந்தது. பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். புத்தகம் மட்டுமா? மின்விசிறி, குப்பைத்தொட்டி, கல்லூரியில் வாங்கிய ஒவ்வொரு மெஷினின் கையேடு, எல்லாவற்றுக்கும் எண். தேர்வுப் பிரிவு பிரிண்டரின் கையேடும் அலமாரி நாலில் இருந்தது. அதன் முப்பத்தொன்றாம் பக்கத்தில் நிர்வாகி பாஸ்வேர்டும் அச்சாகி இருந்தது.

"புத்தகத்தைக் கணக்கெடுக்க ஏதோ கருவி வெச்சிருக்கீங்களாமே" என்றார் மேடம்.

எடுத்துக் கொடுத்தார். கை அடக்கமான கருவி, ஃபோன் மாதிரியே திரையும் வலைப்பக்கம் திறக்கும் வசதியும் உண்டு. பின்பக்கம், பெட்டியைப் பிரித்த அன்றே அவர் ஒட்டிய சீட்டு. முத்து முத்தான கையெழுத்து. வாங்கிய தேதி, பொருள் எண், அதற்குக் கீழே மேக் முகவரி. உலகத்தில் வேறு யாரும் அதை எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். மேடம் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். ஊசி தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்தான். கடைசி எழுத்து வரை பொருந்தியது.

நூலகர் உட்கார்ந்துவிட்டார். மறுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஃபோனில் செய்தால் பெயர் தெரிந்துவிடும், இது கல்லூரிப் பொருள்தானே, யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்று நினைத்தாராம். தன் கையெழுத்தே அதன் முதுகில் இருப்பது நினைவுக்கு வரவில்லை.

கணக்கெடுக்கும்போதெல்லாம் அந்தக் கருவியின் திரையில் 'நாய்கள் ஜாக்கிரதை' வந்து நின்றது. ஒரு நாள் சும்மா ஒன்றிலிருந்து எட்டு வரை தட்டிப் பார்த்தார். திறந்துகொண்டது. மீதியை அலமாரி நாலில் இருந்த கையேடு சொல்லிக்கொடுத்தது.

"என் பொண்ணு ரெண்டு தடவை ஃபெயில் மேடம். இதுதான் கடைசி வாய்ப்பு. சும்மா மாதிரி வினாத்தாள்னு சொல்லித்தான் அனுப்பினேன். அவ நம்பி சிநேகிதிங்களுக்கெல்லாம் அனுப்பிட்டா." முகத்தைப் பொத்திக்கொண்டார். "உங்க அக்காவைப் பிடிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை தம்பி. மூணு நாளா சாப்பாடு இறங்கலை."

மறுபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அதை உதற வேண்டும் போலிருந்தது ஊசிக்கு. உதற முடியவில்லை. பிள்ளைக்காகக் கதவைத் திறந்த ஒருவர், அக்காவுக்காகக் கதவைத் திறந்த ஒருவன். வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றியது.

இரண்டே கால். குழு அறை வாசலில் மேடம் நின்றார்.

"உள்ளே போனதும் முதல் கேள்வி என்ன தெரியுமா? கதவைத் தொறந்து வெச்சது யாருன்னு. பதில் இல்லன்னா, உன் அக்காவும் நூலகரும் கூட்டுன்னு எழுதிடுவாங்க."

ஊசி தலை குனிந்தான்.

"ஆறு பேரைப் படிச்ச. கல்லூரிப் பேரு மூணை விட்டுட்டு, மத்த எல்லாத்துக்கும் கிண்டல் பண்ண. ஏழாவதா இருந்தது ஒண்ணுதான் நிஜமாவே சிரிப்புப் பேரு. அதுக்கு உன் வாயே தொறக்கல. அப்பவே எனக்குத் தெரியும்" என்றார் மேடம். "கட்டைவிரல் வேற. மணிக்கணக்கா அதை அந்தத் தாள்லயே ஒட்டி வெச்சிருக்க."

"சொன்னா அக்கா வேலை போயிடும் மேடம்."

"சொல்லலன்னா?"

அவன் விரலை எடுத்தான். முதல் வரியில் ஈரம் பட்டு மை லேசாகக் கலைந்திருந்தது. பெயர் படிக்கும்படியாகத்தான் இருந்தது.

உள்ளே அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஹால் டிக்கெட், சிக்னல், பெயர், எட்டு இலக்கம். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு கிண்டல் இல்லை. முதல்வர் அக்காவை அழைத்து, இது உண்மையா என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் வேறு பதில் சொன்னாள்.

"இல்ல சார். என் தம்பி தேர்வுப் பிரிவு ரூமுக்கு வந்ததே இல்ல. அதை ஆன் பண்ணது நான்தான்."

ஊசிக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றதும், 'வீட்டுக்குப் போடா' என்றதும் கோபத்தில் இல்லை. சாய்கோட்டைப் பார்த்த உடனேயே எந்தக் கதவு வழியாகப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் முதலில் வருவது தம்பி பெயர். அதனால்தான் பழியை மடியில் வாங்கிக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

மேடம் தாளை மேஜைமேல் வைத்து, முதல் வரியைக் காட்டினார். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. 'ஊசி'.

மூன்று மணிக்கு வந்த இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் நூலகர் ஏறினார். பதிவேட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று இரண்டு முறை கேட்டுவிட்டு ஏறினார். அக்காவின் மேல் திருட்டுப் பட்டம் விழவில்லை. ஆனால் விதியை மீறி வெளியாளை உள்ளே விட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று அடுத்த மாதம் சொல்வார்களாம். பன்னிரண்டு வருடம் காத்து வாங்கிய வேலை.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவளிடம் ஊசிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்க அவனுக்குப் பயமாகவும் இருந்தது.

"நாலு நாள்ல லைன் வந்துடுச்சே அக்கா. ஏன் அதை அணைக்காம விட்ட?"

அவள் கைப்பையின் வாரைச் சரி செய்தாள். சொல்ல வெட்கப்படுகிறவள் போல இருந்தாள்.

"காலைல வந்து கம்ப்யூட்டரைப் போட்டா அந்தப் பேரு வரும்டா. நாய்கள் ஜாக்கிரதைன்னு. நீ பக்கத்துல நின்னு சொல்ற மாதிரியே இருக்கும். சிரிச்சுட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அணைக்க மனசு வரல."

மேடம் அவர்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, மாடிக்குப் போய் அதை அணைத்துவிட்டு வரும்படி ஊசியிடம் மெதுவாகச் சொன்னார். நெட்வொர்க்காரர் அறையைத் திறந்துவிட்டார். ஊசி பிரிண்டர் முன்னால் நின்று பட்டனைத் தட்டினான். சிக்னலை நிச்சயமாக நிறுத்தவா என்று சின்னத் திரை கேட்டது. 'ஆம்' என்பதில் விரலை வைத்தபடி அவன் ரொம்ப நேரம் நின்றான்.

கீழே அக்கா தன் ஃபோனில் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.